மோட்டார் மெக்கானிக் முடித்த பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் எங்கே?

தேர்வு முடிவு வந்த வாரத்தில் என் மேசையைச் சுற்றி எப்போதும் நான்கைந்து பேர் நிற்பார்கள். ஒருவன் கையில் ஒரகடம் பக்கத்து கார் ஆலையின் அழைப்பு இருக்கும். இன்னொருவனைச் சேலத்தில் ஒரு டீலரின் சர்வீஸ் சென்டரில் வரச் சொல்லியிருப்பார்கள். மூன்றாமவன் போக்குவரத்துக் கழக டெப்போவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பான். நான்காமவனிடம் காகிதம் எதுவும் இருக்காது. "மாமா சங்ககிரி பைபாஸ்ல பட்டறை வச்சிருக்காரு சார். அங்கயே போயிடட்டுமா?" என்பான்.

மேற்கு மாவட்டம் ஒன்றின் ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் பிரிவுக்குப் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். ஐடிஐ முடித்ததும் ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்கு எங்கே போவது என்ற இந்தக் கேள்விக்கு நின்றபடியே பத்து நிமிடத்தில் பதில் சொல்லித்தான் இதுவரை அனுப்பியிருக்கிறேன். அது போதவில்லை என்று தெரிகிறது. பிள்ளைகளோடு பெற்றோரும் படிக்கட்டும் என்று இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் புரியும். ஒரு இடத்தை எடைபோடும்போது நான் கேட்பது இதுதான்: அங்கே போனால் ஒரு வருடத்தில் எத்தனை வண்டிகளின் கோளாறை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க விடுவார்கள்? உதவித்தொகை, கம்பெனி பெயர், கேண்டீன், பஸ் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், நாங்கள் ஐடிஐயில் கொடுக்க முடியாதது இது ஒன்றுதான். இரண்டு வருடத்தில் எஞ்சினைக் கழற்றி மாட்டக் கற்றுத்தருகிறோம். வெர்னியர், மைக்ரோமீட்டர், ஃபீலர் கேஜ் என்ற அளவுக் கருவிகளைப் பிடிக்கத் தெரியும். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில் இறுக்காமல் படிப்படியாக இறுக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் 24 பேர் கொண்ட ஒரு பிரிவு மாறி மாறிக் கழற்றி மாட்டும் அந்த எஞ்சின் மறுபடி ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அதை மாட்டி முடித்தபின் சாவியைக் கேட்டு யாரும் வாசலில் நிற்பதில்லை. அதில் கோளாறு இருந்தால்கூட அது நான் வைத்த கோளாறு. எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். யாருக்கும் விடை தெரியாத ஒரு வண்டியின் முன்னால் நிற்கும் அனுபவம் வெளியே போனால்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அப்ரண்டிஸ், அரசுக் கடிதங்களில் தொழிற்பழகுநர், என்பது சும்மா ஒரு பெயர் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் போட்டு, அது மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவானால்தான் நீங்கள் அப்ரண்டிஸ். எங்கள் பிரிவில் இரண்டு வருடம் முடித்தவருக்கு இது ஒரு வருடப் பயிற்சி. முடிவில் தேர்வு வைத்து தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ், பையன்கள் வாயில் என்ஏசி, கொடுப்பார்கள். 2019 விதித் திருத்தம் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தது. அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. நீங்கள் சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே திருத்தத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடம் விரும்பினால் எடுக்கலாம். இந்த இரண்டாவது வரியைப் பட்டறைக்காரர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

சரி, ஆலையில் ஆரம்பிக்கலாம். பெற்றோருக்கு முதலில் பிடிப்பது அதுதான்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஓசூர் என்று நம் மாநிலத்தில் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஹூண்டாய் 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியது. அசோக் லேலண்ட் எண்ணூரில் அதற்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு, ஓசூரில் டிவிஎஸ் என்று வரிசை நீளும். பெரிய ஆலைகள் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்துக்கு மேலேயே கொடுப்பது வழக்கம். சாப்பாடு, யூனிஃபார்ம், பஸ் எல்லாம் உண்டு. ஒழுங்கு அங்கே ரத்தத்தில் ஏறிவிடும். எந்த நட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் விசை), எந்த வரிசை, எந்தக் கருவி எங்கே தொங்க வேண்டும், ஒரு வேலையை முதல் தடவையே சரியாகச் செய்வது எப்படி என்பதையெல்லாம் அங்கே கற்ற பையனை எங்கே விட்டாலும் தனியாகத் தெரிவான்.

ஆனால் லைனில் உங்களுக்கு ஒரு இடம் கொடுப்பார்கள். நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வண்டிகள் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். உங்கள் வேலை கதவு ரப்பர் பதிப்பதாக இருக்கலாம், டார்க் கன்னால் வீல் நட் இறுக்குவதாக இருக்கலாம். அதே வேலைதான் நாள் முழுக்க. வருபவை எல்லாம் புது வண்டி. வால்வு தேய்ந்த எஞ்சின், துருப்பிடித்த பிரேக் பைப், எலி கடித்த வயரிங் எதுவும் அந்த லைனில் வராது. இரண்டு வருடம் கற்ற தொழிலின் பெரும்பகுதி அங்கே தேவைப்படாது. ஒரு வருடம் முடிந்ததும் வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்று சட்டம் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் தவிர. நான் திரும்பத் திரும்பப் பார்த்தது என்னவென்றால், அங்கே ஒரு வருடம் முடித்த பையன் காண்ட்ராக்டர் மூலம் இன்னொரு ஆலைக்குப் போகிறான், அங்கிருந்து வேறொன்றுக்கு. 24 வயதில் என் எதிரே வந்து நிற்கும்போது கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால் தயங்குகிறான். அவன் மேல் குற்றமில்லை. அந்தக் கைக்கு நாலு வருடமாக அந்த வேலை கிடைக்கவே இல்லை.

ஆலைக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. உற்பத்திதான் பிடிக்கும், பின்னால் டிப்ளமா சேர்ந்து சூப்பர்வைசராக வர வேண்டும் என்ற மனசு இருந்தால் அதுவே நேரான வழி. போகிறவர்கள் குறையுள்ள வண்டியைச் சரிசெய்யும் ரீவொர்க் பே, வண்டி முடிந்து சோதனைக்கு வரும் இடம், மெயின்டனன்ஸ் பிரிவு இவற்றில் ஏதாவது ஒன்றில் சில மாதமாவது போடும்படி கேளுங்கள். அங்கேதான் கோளாறு தேடும் வேலை இருக்கிறது. கேட்டால் எல்லாருக்கும் கிடைக்காது. கேட்காமல் இருந்தால் நிச்சயம் கிடைக்காது.

அடுத்தது சர்வீஸ் சென்டர். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு வண்டியை விடும் வாடிக்கையாளர், "மேட்டுல ஏறும்போது இழுக்க மாட்டேங்குது", "காலையில மட்டும் ஒரு கிரீச் சத்தம்" என்று தன் வார்த்தையில் சொல்வார். சர்வீஸ் அட்வைசர் அதை ஜாப் கார்டில் எழுதுவார். அந்த ஒற்றை வரியிலிருந்து கிளட்ச்சா, டர்போ ஹோஸா, ஃபில்டர் அடைப்பா என்று கீழே இறங்கிப் போய்ச் சேர வேண்டும். மெக்கானிக் வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. புத்தகத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு கோளாறு இருக்கும். ஜாப் கார்டிலோ ஒரு புகாருக்குப் பின்னால் ஏழெட்டுக் காரணங்கள் நிற்கும்.

என்னிடம் படித்த ஒருவன் சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பெட்ரோல் கார், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும் ஐடிலில் நடுங்குகிறது. ஸ்கேனர் போட்டால் பி0171 என்ற கோளாறு எண். எரிபொருள் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். இவன் ஆக்சிஜன் சென்சார்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து மாற்றச் சொல்லியிருக்கிறான். மாற்றினார்கள். மூன்றாம் நாள் அதே கார், அதே நடுக்கம். சீனியர் டெக்னீஷியன் அவனைத் திட்டாமல் பக்கத்தில் நிற்க வைத்து, எஞ்சின் ஓடும்போதே இன்டேக் பக்கம் ஒவ்வொரு ஹோஸாகக் கையால் அழுத்திக் காட்டியிருக்கிறார். ஒரு வேக்குவம் ஹோஸை அழுத்தியதும் ஆர்பிஎம் சீரானது. வளைவின் அடிப்பக்கம் மெல்லிய வெடிப்பு. "சென்சார் பொய் சொல்லலடா. காத்து அதிகமா வருதுன்னு உண்மையத்தான் சொல்லிச்சு. நீதான் அதைக் குத்தவாளி ஆக்கிட்ட" என்றாராம். அந்த ஒரு நாளை நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் கொடுத்திருக்க முடியாது. கையில் ஸ்கேனர், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர், எதிரே உண்மையாகவே கெட்டுப்போன வண்டி. மூன்றும் ஒரே இடத்தில் சேர்வது சர்வீஸ் சென்டரில்தான்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு இந்தத் தேவை இன்னும் கூடிவிட்டது. டீசல் வண்டியில் புகைத்துகளைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப், லாரி பஸ்களில் யூரியா கரைசல் தெளிக்கும் எஸ்சிஆர் என்று சேர்ந்துவிட்டன. கம்பெனி மென்பொருள், வயரிங் வரைபடம், அதற்கான தனிக் கருவிகள் இல்லாமல் இவற்றில் பாதி வேலை நடக்காது. மின்சாரக் கார் என்றால் சொல்லவே வேண்டாம். 300 வோல்ட்டுக்கு மேல் பாயும் ஆரஞ்சு நிற கேபிளைத் தொடுவதற்கு முன் எதைத் துண்டிக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், மீட்டர் வைத்து எப்படி உறுதி செய்ய வேண்டும் என்பதை முறையான பயிற்சியும் ரப்பர் கையுறையும் உள்ள இடத்தில்தான் கற்க வேண்டும். பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று இதில் இறங்கக் கூடாது.

இத்தனை சொன்னாலும் சர்வீஸ் சென்டரின் குறையை மறைக்க மாட்டேன். சேர்ந்த பையனை முதல் மூன்று மாதம் வாஷிங்கிலும் ஆயில் மாற்றுவதிலும் போடுவார்கள். சில இடங்களில் அந்த மூன்று மாதம் பன்னிரண்டு மாதமாக நீளும். ஆயில், ஃபில்டர், வாஷ், அடுத்த வண்டி என்று போனால் அதற்கும் ஆலை லைனுக்கும் வித்தியாசம் இல்லை, சம்பளம்தான் குறைவு. பெரும்பாலான டீலர்கள் சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தை ஒட்டித்தான் தருகிறார்கள். இன்னொரு குறை, பழுதான பொருளைத் திறந்து பார்க்காமல் அப்படியே புதிது மாற்றும் பழக்கம். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டதா, புதிது போடு. உள்ளே கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தது என்பதை அந்தப் பையன் தெரிந்துகொள்ளாமலே போய்விடுவான்.

அதனால் சேரும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். மேனேஜரிடம், எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் போடுவீர்கள் என்று கேளுங்கள். சாதாரண சர்வீஸ், ஜெனரல் ரிப்பேர், எலெக்ட்ரிக்கல் மூன்றும் அந்தப் பதிலில் வர வேண்டும். அப்புறம், சாயங்காலம் அந்த சர்வீஸ் சென்டருக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போய் உட்காருங்கள். இப்போது அங்கே அப்ரண்டிஸாக இருக்கும் பையன்கள் வருவார்கள். கடைசியாக எந்த வண்டியில் என்ன கோளாறு பார்த்தாய் என்று கேளுங்கள். ஒருவன் ஆர்வமாக ஒரு கதை சொன்னால் அந்த இடத்தில் சேரலாம். "என்னண்ணா, தினமும் வாஷிங்தான்" என்றால் வேறு டீலரைப் பாருங்கள். 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் டீலர் எல்லாருக்கும் அப்ரண்டிஸ் எடுக்கும் கடமை இருப்பதால், விளம்பரம் வராத இடத்திலும் நேரில் போய்க் கேட்கலாம்.

நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சர்வீஸ் சென்டர் என்றதும் எல்லாரும் காரைத்தான் நினைக்கிறார்கள். லாரி கம்பெனிகளின் சர்வீஸ் சென்டரையும் பாருங்கள். நம் ஊரில் லாரிக்கு என்றுமே வேலை உண்டு. ரோட்டில் நின்றுபோன வண்டிக்குப் பிரேக்டவுன் வேனில் சீனியரோடு போனால், கையில் இருக்கும் கருவியை மட்டும் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் மூளை வேலை செய்வதே தனி.

டெப்போவுக்கு வருகிறேன். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அவ்வப்போது அறிவிப்பு வெளியிட்டு அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. இடங்கள் குறைவு, மதிப்பெண் கேட்கும். கிடைத்தால் நல்ல இடம். நாள் முழுக்க ஊர் ஊராக ஓடிய பஸ் இரவு டெப்போவுக்குள் வரும்போது டிரைவர் எழுதிவைத்த குறைகளோடு வரும்: பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, காற்று நிற்கவில்லை, கிளட்ச் நழுவுகிறது, ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறது. காலை முதல் டிரிப்புக்குள் அது சரியாகியாக வேண்டும். ஏர் பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன், டீசல் எஞ்சின் இந்த நான்கிலும் டெப்போ பையனை யாரும் அடிக்க முடியாது. தகுதிச் சான்றான எஃப்சிக்கு வண்டி தயார் செய்யும்போது பஸ்ஸை ஏறக்குறைய முழுதாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். சத்தத்தை வைத்தே பேரிங்கைச் சொல்லும் பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். அங்கே பயிற்சி முடித்ததாலேயே அரசு வேலை கிடைக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வீட்டிலும் அப்படிச் சொல்லி வைக்காதீர்கள். டெப்போ என்றால் பழைய டீசல் பஸ் மட்டும்தான் என்பதும் மாறிவருகிறது. 2025ல் சென்னை வியாசர்பாடியிலிருந்து மின்சாரப் பேருந்துகளே ஓடத் தொடங்கிவிட்டன.

பட்டறையைக் கடைசியாக வைத்தது அதைக் குறைவாக நினைத்து அல்ல. என் முதல் ஸ்பேனரை நான் பிடித்ததே ஒரு பட்டறையில்தான்.

அங்கே முதல் நாளே கை கறுப்பாகும். அண்ணன் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு "பதினாலு குடு, பன்னெண்டு குடு" என்று கேட்க, பையன் எடுத்துக் கொடுத்தே நட்டின் அளவைக் கண்ணால் சொல்லக் கற்றுக்கொள்வான். இரண்டாம் மாதமே எஞ்சினை இறக்கியிருப்பான். ஒரே நாளில் ஆம்னி, டாடா ஏஸ், பொலிரோ, பழைய அம்பாசடர் என்று நான்கு கம்பெனி வண்டி பார்ப்பான். கிடைக்காத பொருளை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவது, பழைய ஆல்டர்னேட்டரைப் பிரித்து உயிர் கொடுப்பது, வாடிக்கையாளரிடம் கூலி பேசுவது, கடனை நயமாகத் திரும்பக் கேட்பது இதெல்லாம் வேறு எங்கேயும் சொல்லித்தர மாட்டார்கள். என் அளவுகோல்படி பார்த்தாலே, கோளாறு தேடும் வாய்ப்பு பட்டறையில்தான் அதிகம்.

அப்படியானால் எல்லாரும் பட்டறைக்கே போகலாமே என்று கேட்பீர்கள். எனக்கு மூன்று தயக்கம் உண்டு. முதலாவது பாதுகாப்பு. ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போவது, லாரி டயருக்குக் கூண்டு இல்லாமல் காற்றடிப்பது, இவை பல பட்டறைகளில் அன்றாடம். சக்கரத்தின் ரிங் தெறித்துக் கைபோனவரை எனக்குத் தெரியும். பதிவு பெற்ற அப்ரண்டிஸுக்கு வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தர வேண்டிய பொறுப்பை 1961 சட்டம் நேரடியாக முதலாளி மேல் வைக்கிறது. வாய்ப்பேச்சில் சேர்ந்த பையனுக்கு எழுத்தில் எதுவுமே இல்லை. காயம்பட்டால் அங்கே வேலை செய்தான் என்பதிலிருந்து நிரூபிக்க வேண்டும். இரண்டாவது, கைப்பழக்கம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் "இவ்வளவு போதும்" என்று இறுக்கிப் பழகிய கை பிறகு மாறுவது கடினம். பிஎஸ்6 வண்டியின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் வயரில் டெஸ்ட் லேம்ப்பைக் குத்திப் பார்த்தால் ஒரு நொடியில் பல ஆயிரம் போய்விடும். மூன்றாவது, காகிதம். மூன்று வருடம் உயிரைக் கொடுத்து வேலை செய்திருப்பான், வெளிநாட்டு வேலைக்கோ அரசு அறிவிப்புக்கோ அனுபவச் சான்று கேட்டால் கொடுக்க ஒன்றும் இருக்காது.

இங்கேதான் முன்பு சொன்ன வரி வருகிறது. மாமாவின் பட்டறையில் நாலு பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், அவரும் இணையதளத்தில் பதிவு செய்து உங்களை முறையான அப்ரண்டிஸாக எடுக்க வழி இருக்கிறது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்து வேலை கொஞ்சம் இருக்கும். ஆனாலும் அதே பட்டறை, அதே கற்றல், கையில் என்ஏசியும் கிடைக்குமென்றால் ஏன் விட வேண்டும்?

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். வண்டி ரிப்பேர்தான் என் தொழில் என்று முடிவு செய்த பையனுக்கு, பல பிரிவிலும் போடுவதாக ஒப்புக்கொள்ளும் சர்வீஸ் சென்டர்தான் முதல் வருடத்துக்குச் சரியான இடம். பெரிய வண்டி பிடித்தவனுக்கு டெப்போ கிடைத்தால் டெப்போ, இல்லையென்றால் லாரி டீலர். சொந்தப் பட்டறை வைக்கும் எண்ணம் இருந்தால், ஒரு வருடம் சர்வீஸ் சென்டரில் முறையைக் கற்றுவிட்டு, அடுத்து இரண்டு வருடம் நல்ல மேஸ்திரியிடம் பட்டறையில் இருங்கள். இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள் ஸ்கேனரைக் கண்டு பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மாதமே பணம் வேண்டும் என்றால் யோசிக்காமல் ஆலைக்குப் போங்கள். குடும்பத்தைத் தாங்குவதும் பெரிய வேலைதான். ஊருக்கு வரும் விடுமுறை நாட்களில் தெரிந்த பட்டறையில் போய் நில்லுங்கள், கை மறக்காது.

கணக்கும் படமும் நன்றாக வரும் பிள்ளைகளுக்கு ஐந்தாவதாக ஒரு கதவு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். வீட்டில் முடியுமென்றால் இதையும் யோசியுங்கள்.

எங்கள் பிரிவுக்கு வரும் பெண் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்கு எல்லா இடத்திலும் முதலில் நீட்டப்படுவது முன் மேசை வேலை. அது வேண்டுமென்றால் எடுங்கள். வேண்டாமென்றால், நான் வண்டி பழுதுபார்க்கும் பே வேலைக்குத்தான் வந்தேன் என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண் அப்படிச் சொல்லித்தான் எலெக்ட்ரிக்கல் பிரிவுக்குப் போனாள். இன்று வயரிங் கோளாறு என்றால் அந்த சர்வீஸ் சென்டரில் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இனி சொல்லப்போவது என்னுடைய தவறு. சில வருடம் முன்பு ஒரு காண்ட்ராக்டர் வந்து, பெரிய உதிரிபாக ஆலைக்கு டிரெய்னிகள் வேண்டும், ஒரு வருடம் முடிந்ததும் சான்றிதழ் உண்டு என்றார். நான் பதினோரு பேரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பதினொன்றாவது மாதம் எல்லாரையும் நிறுத்திவிட்டு, லெட்டர்பேடில் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்து அனுப்பினார்கள். எந்த ஒப்பந்தமும் எங்கேயும் பதிவாகவில்லை. டிரெய்னி என்ற சொல்லை அப்ரண்டிஸ் என்று நான் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளின் ஒரு வருடம் போய்விட்டது. அதிலிருந்து யாரை அனுப்பினாலும் ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கண்ணால் பார்க்காமல் அனுப்புவதில்லை. நீங்களும் சேர்ந்த முதல் மாதமே அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓவர்டைம் போடச் சொன்னாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும்: தொழிற்பழகுநர் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸுக்கு ஓவர்டைம் கொடுக்கக் கூடாது என்கிறது சட்டம்.

போகும் முன் கையில் இருக்க வேண்டியவை சில. 18 வயது முடிந்ததும் எல்எல்ஆர் போட்டுவிடுங்கள், 30 நாள் கழித்து லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். லைசென்ஸ் இல்லாத பையனிடம் சர்வீஸ் சென்டரில் சாவியே கொடுக்க மாட்டார்கள். டெஸ்ட் டிரைவில் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பும் போய்விடும். மல்டிமீட்டரை உறுதியாகப் பிடிக்கப் பழகுங்கள். பேட்டரி வோல்ட், ஒரு வயர் அறுந்திருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்ற மூன்றையும் தூக்கத்தில்கூடப் பார்க்கத் தெரிய வேண்டும். ஜாப் கார்டில் வரும் ஐம்பது அறுபது ஆங்கில வார்த்தைகளை வாசித்துப் புரிந்துகொள்ளுங்கள், பேச வராவிட்டாலும் பரவாயில்லை. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் ஒரு வண்டி: என்ன புகார், முதலில் எதைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என்ன இருந்தது. மூன்றே வரி. வருட முடிவில் நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு அந்த நோட்டையும் கொண்டுபோன பையன்களை எனக்குத் தெரியும். கேள்வி கேட்டவர்கள் நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்களாம்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பெரும்பாலோர் வீணாக்குகிறார்கள். இப்போதைய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு ஆண்டும் 150 மணி நேரம் பணியிடப் பயிற்சிக்கோ குழுத் திட்டத்துக்கோ என்று ஒதுக்கியிருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும் இடம் எது என்று தேடாதீர்கள். முதல் ஆண்டில் ஒரு பட்டறை, இரண்டாம் ஆண்டில் ஒரு சர்வீஸ் சென்டர் என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். இடம் பிடித்துக் கொடுக்கச் சொல்லி உங்கள் பயிற்சி அலுவலரை இந்த மாதமே போய்க் கேளுங்கள். தேர்வு நெருங்கிவிட்டால் அவராலும் முடியாது.